பதினோராவது குழி

ரேஞ்சர் சுண்ணாம்பு டப்பாவில் குச்சியைத் தோய்த்துக் கீழண்டைப் பாறையில் மூன்றாவது வட்டத்தைப் போட்டபோது தாண்டவராயன் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். அவர் கைவிட்ட கல் குவாரியில் தேங்கிய தண்ணீருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். ரேஞ்சரும் ஊர் பிரசிடெண்ட் பெரியசாமியும் எதிர்க்கரையில், ஒரு காலத்தில் குவாரிக்காரர்கள் நின்று குழி அடித்த பாறைத் திட்டில், முள்ளை விலக்கிக்கொண்டு நின்றார்கள். "அங்க போவாதீங்க ஐயா" என்று தாண்டவராயன் காலையிலிருந்து மூன்று தரம் சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டார்கள். இருந்த ஒரே பதிலை விட்டுவிட்டு, முள் குத்தும் என்றார்.

"வட்டம் எதுக்குங்க?" என்று இங்கிருந்தே கத்தினார்.

"கைப்பிடிக் கம்பி நடப்போறோம் பெரியவரே! மேலேருந்து படி வெட்டி இறக்கிட்டா ஜனங்க இந்தத் திட்டுல நின்னு பட்சிங்களப் பாக்கலாம். திண்டிவனத்துலேருந்து பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க எல்லாம் வருவாங்க."

"ஏழு வருசமா இவரு ஒருத்தரே பாத்துக்கினு இருந்தாரு சார். இனிமே நாங்களும் கொஞ்சம் பாக்குறோம்" என்றார் பெரியசாமி.

ஆறு வட்டம் போட்டு முடித்துக் கரையைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். ரேஞ்சர் நல்ல மனுஷன்தான். வயதில் சின்னவர், தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினார். மயிலத்துக்கு மேற்கே இப்படி ஓர் இடம் இருப்பது டிபார்ட்மெண்டுக்கே தெரியாது என்றார். இதைப் பறவைகளுக்கான பாதுகாப்பு இடம் என்று போர்டு எழுதி வைக்கப்போவதாகவும், தாண்டவராயனையே வாட்ச்சராகப் போடச் சொல்லி மேலே எழுதியிருப்பதாகவும் சொன்னார். "உங்கள மாதிரி பட்சிங்க மேல இவ்வளவு பிரியம் வச்ச ஆள என் சர்வீஸ்ல பாத்ததில்ல."

"எனக்குப் பிரியம்னு எவன் சொன்னான்?" என்றார் தாண்டவராயன்.

பெரியசாமி தொடையில் தட்டிச் சிரித்தார். "கண்டுக்காதீங்க சார். பலாப்பழம். மேலதான் முள்ளு. திங்கக்கெழம குழி அடிக்க சவுரிராயன வரச் சொல்லியிருக்கேன், இவருகூட வேல செஞ்ச ஆளுதான்."

ஜீப் கிளம்பிப் போன பிறகும் தாண்டவராயன் அங்கேயே நின்றார். ஆறு வட்டமும் தண்ணீருக்கு மேல் ஆறு கண் மாதிரி அவரைப் பார்த்தன. அந்தப் பாறையில், எந்த வட்டத்துக்குப் பக்கத்தில் என்று அவருக்கே தெரியாது, ஒரு குழி நிறைய வெடிக்காத மருந்து இருந்தது. ஏழு வருஷமாக அவர் காவல் காத்தது அதைத்தான்.

வீடூர் அணை கட்டுகிற காலத்தில் இந்தப் பாறையிலிருந்து லாரி லாரியாகக் கல் போயிற்று. தாண்டவராயன்தான் வேட்டு வைக்கிறவர். எழுத்து வாசனை கிடையாது, கைநாட்டு. ஆனால் பாறையைத் தட்டிப் பார்த்தே இது எந்தப் பக்கம் பிளக்கும், எவ்வளவு மருந்து கேட்கும் என்று சொல்லிவிடுவார். முப்பது வருஷத்தில் அவர் வைத்த வேட்டால் ஒரு ஆளுக்குச் சிராய்ப்பு கிடையாது. காரணம் பெரிய சாமர்த்தியம் எல்லாம் இல்லை. அவர் யாரையும் நம்பமாட்டார். மருந்தை அவரே போடுவார், திரியை அவரே வெட்டுவார், குழி வாயில் களிமண்ணை அவரே திணித்து இறுக்குவார். "நம்புனவனெல்லாம் ஒரு கை இல்லாம திரியிறான், போய்ப் பாரு" என்பார்.

வேட்டு எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. திரிகளைக் கொளுத்திவிட்டு ஓடி வந்து மறைவில் உட்கார்ந்ததும், வேட்டு வைத்தவரும் குழி அடித்தவரும் தனித்தனியே விரலை மடக்கி எண்ண வேண்டும். இரண்டு பேர் கணக்கும் வைத்த குழியோடு ஒத்துப்போனால்தான் மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டில் அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டபிறகே ஆட்கள் இறங்கலாம். ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு வேலை அவ்வளவுதான். குறைந்த குழியைக் கண்டுபிடிக்கிறவரை ஈ காக்கை கிட்டே போகக்கூடாது. தெரியாமல் யாராவது அதே இடத்தில் குழி போடும் ஜம்பர் கம்பியை வைத்துச் சம்மட்டியால் ஓர் அடி அடித்தால் போதும், அடித்தவனைச் சாக்கில்தான் அள்ளவேண்டும்.

கடைசி வேட்டு ஒரு சனிக்கிழமை. பதினோரு குழி. குழி அடித்தவன் சவுரிராயன். தாண்டவராயனுக்குப் பத்து வயது இளையவன், அவரோடு பன்னிரண்டு வருஷம் வேலை செய்தவன். வெயில் மண்டையைப் பிளந்தது. நாற்பது பேர், பாதிப்பேர் பொம்பளைகள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறைவில் காத்திருந்தார்கள். தாண்டவராயனின் விரல்கள் பத்தோடு நின்றன. இன்னொன்றுக்காகக் காத்தார். புகைதான் வந்தது.

"அண்ணா, பத்துதான?" என்றான் சவுரிராயன், மடக்கிய விரல்களைக் காட்டி.

அப்போதே சரி என்றிருக்கலாம். ஆனால் அந்த வருஷம் முழுக்க அவர் காதில் ஒரு வண்டு ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. பெண்டாட்டிக்குக்கூட அதைச் சொல்லவில்லை. வேட்டுக்காரனுக்குக் காது போய்விட்டது என்று ஒருத்தன் ஆரம்பித்தால் மறுநாள் ஊர் முழுக்க அதுதான் பேச்சு. தான் எண்ணியதில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்ததும் கோபம் வந்தது.

"ரெண்டு ஒண்ணா வெடிச்சிதுடா. உன் காதுல இன்னா பஞ்சா வச்சிருக்க?"

நாற்பது பேரும் சிரித்தார்கள்.

"இல்லண்ணா, நான் நல்லா..."

"குழி அடிக்கிறவன் குழி அடி. எண்றது என் வேலை." எழுந்துபோய்த் தண்டவாளத்தை அடித்துவிட்டார். சவுரிராயன் மடக்கிய விரலை விரிக்காமலே நின்றது அவருக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

அன்றைக்கு உதிர்ந்து கிடந்த கல்லை மட்டும் அள்ளினார்கள், ஒன்றும் ஆகவில்லை. திங்கட்கிழமை போய்த் துருவிப் பார்க்கலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். திங்கட்கிழமை, அணைக்குக் கல் போதும் என்று தாக்கல் வந்தது. லாரி நின்றது, தண்ணீர் இறைக்கிற எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போனார்கள், ஆட்கள் கலைந்தார்கள். தனியாகப் போய் அந்தத் திட்டில் கை வைக்க அவருக்குத் தைரியம் இல்லை. ஊரைக் கூட்டிச் சொல்ல அதைவிட இல்லை. குவாரிக்கு மேற்கே ஒரு கொட்டாய் போட்டுக்கொண்டு பெண்டாட்டி வெள்ளையம்மாளோடு குடிவந்தார். கண் மங்கிவிட்டது என்று சொல்லி அதற்குப் பிறகு எந்தக் குவாரிக்கும் வேட்டு வைக்கப் போகவில்லை.

கீழண்டைப் பாதையைக் கருவேல முள்ளால் அடைத்தார். சுற்றிலும் கிளுவைப் போத்து நட்டு வேலி போட்டார். விறகுக்கு வந்த பொம்பளைகளை ஏசினார், ஆடு ஓட்டி வந்தவர்களைக் கல்லால் அடித்தார். ஊர் சும்மா இருக்குமா? சாராய ஊறல் போடுகிறான் என்றது ஒரு வாய், புதையல் எடுத்துவிட்டான் என்றது இன்னொரு வாய். போலீசு ஒருதரம் வந்து ஊறல் பானையைத் தேடிவிட்டு, காலில் முள் வாங்கிக்கொண்டு போனது. தினம் விளக்கு வைக்கிற நேரத்தில் தாண்டவராயன் மயிலம் மலை இருக்கிற பக்கம் திரும்பிக் கும்பிடுவார். "இன்னிக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆவல முருகா." அவருக்குத் தெரிந்த பூசை அது ஒன்றுதான்.

மனுஷன் போகாத இடம் தரிசாகக் கிடக்கும் என்றுதான் நினைத்திருந்தார். முதல் மழைக்குத் தண்ணீர் நின்றது. இறைக்க ஆளில்லாததால் ஊற்றும் சேர்ந்துகொண்டு ஏறியது. எங்கிருந்தோ தவளை வந்தது. தவளைக்குக் கொக்கு வந்தது. வெட்ட ஆளில்லாததால் சூரையும் காரையும் ஆவாரையும் தலைக்கு மேலே போயின. மூன்றாவது வருஷம் தண்ணீருக்குமேல் சாய்ந்திருந்த ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு தொங்கவிட்டன, எண்ணி மாளாது. நத்தை பொறுக்குகிற நாரை வந்தது. உடும்பு வந்தது. கீழண்டைத் திட்டுக்கு மேலே வெடி வைத்துச் சீவிய சுவரில் இருந்த பொந்தில் கொம்பு வைத்த கோட்டான் ஒன்று குடியேறியது. வீட்டெதிரில் கோட்டான் அலறினால் ஆகாது என்று வெள்ளையம்மாள் விளக்குமாற்றைத் தூக்கினாள். "வுடுடி. உன் வாய்க்கு அது எவ்வளவோ தேவல" என்றார். கோட்டானை விரட்ட யாராவது அந்தச் சுவர் பக்கம் போய்விடுவார்களே என்ற பயம் அவருக்கு. ஆனால் விடியும்போது அது பொந்தில் வந்து உட்கார்ந்து, அவர் இருக்கிற பக்கம் தலையை முழுக்கத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடும். அதைப் பார்க்காத நாளில் அவருக்குப் பல் விளக்கக்கூடத் தோன்றாது. அதைப் பிரியம் என்று அவர் ஒப்புக்கொண்டதில்லை.

ரேஞ்சர் வந்துபோன அன்றைக்கு வெள்ளையம்மாள் கூழைக் கரைத்து முன்னால் வைத்தாள். "வாட்ச்சர் வேலை குடுக்குறாங்களாமே, ஊரே சொல்லுது. உன் மூஞ்சி இன்னாய்யா எழவு வுழுந்தாப்புல இருக்கு?"

"அங்க சவுரிதான் குழி அடிக்க வர்றானாம்."

"வரட்டுமே. ஏழு வருசமா பேசிக்காம கெடக்குறீங்க. அந்தச் சாக்குல பேசுங்க."

அவர் கூழைத் தொடவில்லை. குழி அடிக்க யாரோ ஊர்பேர் தெரியாதவன் வந்தால்கூடத் தப்புத்தான். ஆனால் பத்து என்று சரியாகச் சொன்னவன் கையாலேயே அந்தக் குழி வெடிக்கப்போகிறது. பெரியசாமியிடம் சொல்லி வேலையை நிறுத்தலாம். கணக்கே தப்பாத தாண்டவராயன் நாற்பது பேரைப் பொய் சொல்லி இறக்கினான் என்று சந்தையில் பேசுவார்கள். பேசட்டும். முதலில் சொல்லவேண்டியது பெரியசாமியிடம் இல்லை.

மறுநாள் காலையில் மாதா கோயில் தெருவுக்கு நடந்தார். சவுரிராயன் வாசலில் துருத்தி வைத்து ஜம்பர் முனையைக் காய்ச்சித் தட்டிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. அவரைப் பார்த்தும் தட்டுவதை நிறுத்தவில்லை. அவன் பெண்டாட்டி லூர்துமேரிதான் முறத்தைக் கீழே வைத்தாள்.

"மாதாவே! யாரு வந்திருக்கிறதுன்னு பாருங்க. வாங்கண்ணா, கூழு குடிங்க."

"குடிக்க வரல."

"குடிச்சிட்டு சண்ட போடுங்க." கேப்பைக் கூழும் மல்லாட்டைக் கடலைத் துவையலும் வந்தன. அவளிடம் மறுத்துப் பேச வாய்ப்பே இல்லை. நின்றபடி குடித்தார்.

"சவுரி, திங்கக்கெழம நீ அந்த வேலைக்குப் போவாத."

"ஏன்? அந்தக் கூலியும் எனக்கு வரக்கூடாதா?" சவுரிராயன் காய்ந்த கம்பி முனையைப் பார்த்துத்தான் பேசினான்.

"பத்துதான்டா கேட்டுச்சு."

சுத்தியல் நின்றது.

"எனக்கும் பத்துதான் கேட்டுச்சு. நான் பொய் சொல்லிட்டேன். அந்தப் பாறையில ஒரு குழி இன்னும் உசுரோட இருக்குது. எதுன்னு தெரியல. நீ அடிச்சி, உனக்கு ஏதாவது..." கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தார்.

சவுரிராயன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான். லூர்துமேரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

"இத்தச் சொல்ல ஏழு வருசமா உனக்கு?" என்றான் சவுரிராயன். "அந்தக் குழி செத்து ஏழு வருசம் ஆச்சுண்ணா."

"இன்னாடா சொல்ற?"

"அன்னிக்கு சாயந்தரமே எல்லாரும் போனப்பறம் நானும் இவளும் போனோம். வடகோடிக் குழி. திரி பாதியில அணைஞ்சிருந்துது. இரும்பு பட்டா பொறி பறக்கும்னு மூங்கிச் சிம்பால களிமண்ண நோண்டி நோண்டி எடுத்தேன். ராத்திரி ஆயிடிச்சு. அப்பால தண்ணி. மூணு நாளு ஊத்துனோம், மருந்து கூழாயி வெளிய வழியிற வரைக்கும்."

"இவரு நோண்டுனாரு, நான் தூக்குனேன்" என்றாள் லூர்துமேரி. "ஒரு கையில கொடம், ஒரு கையில செபமால."

வெடிக்காத குழியின் களிமண்ணை நோண்டுவது என்றால் என்ன என்று தாண்டவராயனுக்குத் தெரியும். அவரே செய்யமாட்டார். முப்பது வருஷத்தில் ஒருத்தரையும் செய்ய விட்டதில்லை.

"ஏன்டா பண்ண? நான் உன்ன அத்தன பேரு எதிர்ல அசிங்கப்படுத்தினேன்."

"திங்கக்கெழம மறுபடி நாந்தான அங்க கம்பி புடிக்கணும்?" என்றான் சவுரிராயன். துருத்தியை ஒரு தரம் அமுக்கிவிட்டு, "உன் பேரும் கெடக் கூடாதுன்னு இருந்துது" என்றான்.

"அப்ப ஏன்டா சொல்லல!"

"வந்தனே! மூணு தபா வந்தேன். மொத தபா நாய ஏவி வுட்ட. ரெண்டாவது தபா, இன்னாடா வேவு பாக்க வந்தியான்ன. மூணாவது தபா கல்லத் தூக்கிக்கினு வந்த. உன்னோட பேஜாராப் போச்சு. சரி, திரும்பிடலாம்னு வேலியோரமா வந்தா, தண்ணியில முக்குளிப்பான் ஒண்ணு குஞ்சுங்கள முதுகுல ஏத்திக்கினு போவுது. அந்தக் குவாரியில நான் புகையத்தான் பாத்திருக்கேன், குஞ்ச பாத்ததில்ல. கெழவன்கிட்ட சொன்னா முள்ள எடுத்துடுவான், ஆடு பூந்துடும், சொம்மாவே காவ காக்கட்டும்னு வுட்டுட்டேன்."

தாண்டவராயனுக்கு நம்பவேண்டும் போல இருந்தது. நம்பவேண்டும் போல இருந்தது. நம்பித்தான் பழக்கமில்லை.

"பொய் சொல்ற."

"இந்தப் புத்திதான் உன்ன இங்க கொண்டாந்து வுட்டிருக்குது. வா, காட்டுறேன்."

இருவரும் போகும்போது வெயில் ஏறியிருந்தது. சவுரிராயன் முள்ளை ஒதுக்கிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, திட்டில் முன்னால் நடந்தான். சுண்ணாம்பு வட்டங்களை ஒவ்வொன்றாகத் தாண்டி, வேண்டுமென்றே குதிகாலால் பாறையை ஓங்கி மிதித்துக்கொண்டு போனான். ஒவ்வொரு மிதிக்கும் தாண்டவராயனுக்குத் தோள் துள்ளியது. ஏழு வருஷம் எதிர்க்கரையிலிருந்து பார்த்த சுவர் கிட்டத்தில் வேறாக இருந்தது. பாசி பிடித்து, பெரணி முளைத்து, பழைய ஜம்பர் தடங்களில் பல்லிகள் ஓடின. வடகோடிக்கு முன்னால் திட்டு ஒடுங்கியது. கீழே இரண்டு ஆள் உயரத்தில் தண்ணீர்.

"கையக் குடு" என்றான் சவுரிராயன். கொடுத்தார். அந்தக் கை இல்லாமல் ஓர் அடி எடுத்து வைத்திருக்க முடியாது.

"இதாண்ணா."

அங்கே குழி இல்லை. குழி இருந்த இடத்தில் பாறையில் வேர் விடும் கல்லிச்சி மரம் ஒன்று நின்றிருந்தது. முழங்கைப் பருமன். பாறைக்குள்ளிருந்து நேராக வெளியே வந்து, வளைந்து, வெளிச்சத்தைப் பார்த்து ஏறியிருந்தது. எந்தப் பறவையோ எச்சத்தோடு விட்டுப்போன விதை அந்த ஈரக் குழியில் விழுந்திருக்க வேண்டும். அவர் போட்ட மருந்தின் உப்பைத் தின்று வளர்ந்திருக்க வேண்டும். பதினோராவது குழி பிளக்கவேண்டிய பாறையை வேர் தானாகவே விரல் அகலத்துக்குப் பிளந்திருந்தது, சத்தமில்லாமல். கிளையெல்லாம் சுண்டைக்காய் அளவில் சிவந்த பழம்.

தாண்டவராயன் மரத்தைத் தொடவில்லை. அதன் எதிரில் நின்று, கையைக் குவிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். சவுரிராயனிடம் ஏதாவது சொல்லவேண்டும். அறுபத்தைந்து வயதில் அந்த வார்த்தை எங்கே கிடைக்கும்?

"மேரிகிட்ட சொல்லு, தொவையல் நல்லா இருந்துதுன்னு."

"நீயே வந்து சொல்லு."

"திங்கக்கெழம அந்த ரேஞ்சர்கிட்டயும் சொல்றேன். பத்துதான்னு. பிரியமும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, பயந்துக்கினு கெடந்தேன்னு."

"சொல்லு, சொல்லு. அப்பால ரேஞ்சரு வேற ஆள வாட்ச்சரா போடுவாரு." சவுரிராயன் பாறையில் சாய்ந்து உட்கார்ந்து பீடியைத் தேடினான். "அது கெடக்கட்டும். இப்ப பயம்தான் போச்சே. நாளையிலேருந்து இன்னாத்துக்கு இங்க காவ காப்ப?"

தலைக்கு மேலே இலைகள் அசைந்தன. பச்சைப்புறா ஒன்று, மஞ்சள் காலோடு, இலைக்கும் தனக்கும் வித்தியாசம் தெரியாமல் வந்து உட்கார்ந்தது. பின்னாலேயே இன்னொன்று. கை நீட்டினால் எட்டிவிடும் தூரம். சவுரிராயன் தீக்குச்சியை உரசப் போனான். தாண்டவராயன் அவன் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கினார்.

"சத்தம் போடாத" என்றார், உதட்டை அசைக்காமல்.

புறா கழுத்தை நீட்டி ஒரு பழத்தைப் பறித்தது. பக்கத்தில் இருந்த பழங்கள் இரண்டு மூன்று உதிர்ந்து கீழே தண்ணீரில் விழுந்தன. விழுந்த இடத்தில் வட்டம் விரிவதற்குள், அடியிலிருந்து மீன்கள் ஒவ்வொன்றாக வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தன.